கடைசி வரியை யார் பார்க்கிறார்கள்?

ஜவ்வரிசி ஆலை அலுவலகம் ஒன்றில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலை அடிவாரப் பக்கம். ஒரு நாளைக்கு முப்பது மெயிலுக்குக் குறையாமல் அடிக்கிறேன். போன மாதம் அக்கா மகள் கல்லூரியிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். இறுதியாண்டு மாணவர்களுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில் கொடுத்ததாம்.

“மாமா, மெயிலை எப்படி முடிக்கறதுன்னு எங்க சார் ரூல் போட்டுக் குடுத்திருக்காருங்க. எதுக்கும் ரிகார்ட்ஸ் ஒண்ணு போட்டாப் போதுமாமுங்க.”

வாங்கிப் பார்த்தேன். கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. ‘இப்படிக்கு’, ‘தங்கள் உண்மையுள்ள’ எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம். ‘ரிகார்ட்ஸ்’ எல்லாருக்கும் பொருந்தும். அதையும் தானாக விழும்படி அமைத்துவிட்டு மறந்துவிடலாம். இவ்வளவுதான் தாளில் இருந்த சங்கதி. அந்த ஆசிரியரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஐ.டி. கம்பெனியிலிருந்து லாரி புக்கிங் ஆபீஸ் வரை இன்றைக்கு இதுதான் வேதவாக்கு. எனக்கு இந்த நாலிலும் சண்டை உண்டு. ஒன்றில் மட்டும் பாதிச் சண்டை.

யாரும் படிப்பதில்லை என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். முன்பின் தெரியாதவரிடமிருந்து கடிதம் வந்தால் நாம் முதலில் பார்ப்பதே கடைசி வரியைத்தான். யார் எழுதியது, எந்த உரிமையில் எழுதியிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கண் மேலே போகும். 2017-ல் பூமராங் என்ற மின்னஞ்சல் மென்பொருள் நிறுவனம் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் தொடர்களை எடுத்து, எப்படி முடித்தால் எவ்வளவு பதில் வருகிறது என்று எண்ணிப் பார்த்தது. ‘தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்’ என்று முடித்தவற்றுக்கு 65.7 சதவீதம் பதில். வெறும் ‘ரிகார்ட்ஸ்’ போட்டவற்றுக்கு 53.5 சதவீதம். இதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. பொதுக் குழுக்களில் உதவி கேட்டு எழுதிய மெயில்கள்தான் அதில் அதிகம். நன்றி சொல்கிறவர் கேள்வியையும் பணிவாகக் கேட்டிருப்பார், பதில் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆடம் கிராண்ட், பிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010-ல் வெளியிட்ட சோதனை இதைவிட உறுதியானது. வேலை விண்ணப்பக் கடிதம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு மாணவன் பெயரில் கேட்டார்கள்; திருத்தி அனுப்பியவர்களிடம் இன்னொன்றையும் பார்த்துத் தரச் சொன்னார்கள். நடுவில் நன்றி என்று ஒரு வார்த்தை கிடைத்தவர்களில் 66 சதவீதம் பேர் மறுபடி உதவினார்கள். கிடைக்காதவர்களில் 32 சதவீதம் பேர்தான்.

அதற்காக ‘முன்கூட்டியே நன்றி’ என்று தமிழில் எழுதிவிடாதீர்கள். பத்திரிகை வைக்கும் முன்பே மொய் எழுதியது மாதிரி இருக்கும். அந்த வேலையைச் செய்ய நம்மிடம் வேறு சொல் இருக்கிறது. கூட்டுறவு சொசைட்டியில் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, “கொஞ்சம் பாத்துச் செய்யுங்க” என்கிறோமே, அதேதான். எழுத்தில் அது ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று வேட்டி கட்டிக்கொள்ளும்.

அடுத்தது வெள்ளைக்காரன் மிச்சம் என்ற குற்றச்சாட்டு. பாதிச் சண்டை என்று சொன்னது இதைத்தான். ‘தங்கள் உண்மையுள்ள’ மொழிபெயர்ப்புச் சரக்கு, ஒத்துக்கொள்கிறேன். ‘சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்று ஆங்கிலத்தில் ஒரு பாகுபாடு உண்டு. நம் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பத்தில் இரண்டும் கரைந்து ‘உண்மையுள்ள’ ஆகிவிட்டது. காய்ச்சல் என்று லீவு எழுதிவிட்டு ஏரிக்கரையில் திரிந்த நாளிலும் நான் உண்மையுள்ளவனாகவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு முந்திய கும்பினிக் காலம் இன்னும் மோசம். 1792-ல் சேலமும் பாராமகாலும் கும்பினி கைக்கு வந்தபோது கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். அந்தக் காலத்து அதிகாரிகள் மேலிடத்துக்கு எழுதினால், தங்களின் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியனாக இருக்கும் பெருமை எனக்குண்டு என்ற தோரணையில்தான் முடிப்பார்கள். ஊரையே ஆண்டவர்கள் காகிதத்தில் ஊழியர்கள்! அந்தப் பொய்ப் பணிவைத் தூக்கி எறியலாம், எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ‘இப்படிக்கு’ அந்தக் கப்பலில் வந்ததல்ல. சோழர், பாண்டியர் காலத்து நில ஆவணங்கள் கல்லில் இருக்கின்றன. எல்லை சொல்லி, விலை சொல்லி, முடிவில் இப்படிக்கு இவை இன்னார் எழுத்து என்று நிறுத்துவார்கள். ‘மேலே எழுதியது எதுவோ அதன்படிக்கு இது என் கையெழுத்து’ என்று அதற்குப் பொருள். பணிவு, பாசம், மரியாதை எதுவும் அதில் கிடையாது, பொறுப்பு மட்டும்தான். எழுதத் தெரியாதவர் ஒரு குறி போடுவார், அது தற்குறி. அது இவர் குறிதான் என்று இன்னொருவர் கீழே சான்று எழுதுவார். அந்தச் சொல்லை நாம் பிற்பாடு திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம், அது தனிக் கதை. அலுவலகக் கடிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? இதைப் போய்ப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட்டு, அர்த்தம் கேட்டால் பத்துப் பேரில் பாதிப் பேர் முழிக்கும் ‘ரிகார்ட்ஸ்’ஸை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எல்லாருக்கும் ஒரே சொல் போதும் என்பது நம் வழக்கத்துக்கே ஒவ்வாது. முறை சொல்லிப் பழகின ஊர் இது. அண்ணா தம்பிக்கு எழுதிய மடல்களின் அடியில் ‘அண்ணன்’ என்று போட்டுத்தான் பெயர் எழுதுவார். உடன்பிறப்புக்கு எழுதிய கருணாநிதி ‘அன்புள்ள’ என்று போட்டு மு.க. என்று முடிப்பார். முகம் தெரியாத லட்சம் பேரைக் கட்சிக்குள் சொந்தமாக்கியதில் அந்த ஒற்றைச் சொற்களுக்கும் பங்குண்டு. அரசாங்கம்கூட எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு வைத்துக்கொள்வதில்லை. அலுவல் கடிதத்துக்கு ஒரு முடிவு, அதிகாரி பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதத்துக்கு இன்னொன்று. குறிப்பாணைக்கு விளிப்பும் கிடையாது, முடிப்பும் கிடையாது. பெயர், பதவி, தீர்ந்தது. அரசாணையில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று வரும். செயலாளர் தன் சொந்தப் பெயரில் பேசவில்லை என்பது அந்த இரண்டு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

ஒரே சொல்லை எங்கும் ஒட்டினால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். மகாராஷ்டிரத்து வியாபாரி ஒருவர், பத்து வருஷமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். நவராத்திரி விரதத்துக்கு அங்கே ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாமல் ஆகாது. அந்தச் சமயத்தில் தினம் இரண்டு மெயில் போகும் வரும். அப்படி ஒரு நாளில் அவருடைய அப்பா தவறிவிட்டதாகத் தகவல் வந்தது. இங்கிலீஷில் நாலு வரி, நிஜமாகவே மனசு வைத்து எழுதி அனுப்பினேன். மறுநாள் அனுப்பியவை பகுதியைத் திறந்தால், என் நாலு வரிக்குக் கீழே தானாக விழுந்திருக்கிறது: ‘தேங்க்ஸ் அண்ட் ரிகார்ட்ஸ்’. அதற்கும் கீழே சிவப்பு எழுத்தில், புது விலைப்பட்டியலுக்குத் தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு வரி. செத்தவருக்கு நன்றி! அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அடுத்த ஒரு வாரம் அவர் போனை எடுக்கவே கை கூசியது.

எழவு வீட்டில் யாரும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சொல்லாமல் எழுந்து வருவதுதான் அங்கே மரியாதை. மற்ற நாளில் எங்கள் பக்கத்தில் போனைக்கூடச் சும்மா வைக்க மாட்டார்கள். “சரிங்க, வெச்சர்றனுங்க” என்று உத்தரவு வாங்கிக்கொண்டுதான் வைப்பார்கள். விடைபெறுவதில் இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையையும் கழற்றி வைத்துவிட வேண்டுமா?

கடைசியாக அந்தத் தானியங்கி அடிக்குறிப்பு. முகவரியும் போன் நம்பரும் அதில் இருக்கட்டும், அதற்கு நான் விரோதி இல்லை. 1995-ல் இணைய நாகரிகம் பற்றி வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணமே அடிக்குறிப்பு நாலு வரிக்கு மேல் வேண்டாம் என்றது. இன்று வரும் மெயில்களில் லோகோ, பொன்மொழி, மரத்தைக் காப்பாற்றுங்கள் என்ற உபதேசம் என்று விஷயத்தைவிட வால் நீளம். (எனக்கு ஊர்ப் பெயரே ஒரு வரி. தமிழில் பதின்மூன்று எழுத்து, இங்கிலீஷில் இருபது. ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.) ஆனால் யார் சார்பில் எழுதுகிறோம் என்பதை எந்திரத்திடம் விடக் கூடாது. டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கில், பாக்சைட் சரக்குக்காக மெயிலில் நடந்த பேச்சே செல்லுபடியாகும் ஒப்பந்தம்தான் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்திட்ட பத்திரம் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு, ‘இந்த விலைக்குச் சம்மதம்’ என்று எழுதும் மெயிலில் ‘நிறுவனத்துக்காக’ என்ற சொல்லை நான் கையால்தான் அடிக்கிறேன். விசாரித்து மட்டும் எழுதினால் வெறும் பெயர்.

“அப்ப நான் என்னங்க மாமா போடறது?” என்றாள் மருமகள். வேலைக்கு விண்ணப்பித்தால் ‘தேங்க் யூ’ போட்டு முழுப் பெயரும் போன் நம்பரும் எழுது, தோழிக்கு எழுதினால் உன் இஷ்டம், தமிழில் மனு என்றால் இப்படிக்கு என்றேன். தலையாட்டினாள். நம்பினாளா தெரியாது. தேர்வில் அந்தத் தாளில் உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

அன்று சாயங்காலமே ஒரு மனு வந்து சேர்ந்தது. எங்கள் அம்மாவின் கேஸ் இணைப்பில் போன் நம்பர் மாற்ற வேண்டும், ஏஜென்சிக்கு மெயில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேத்தி செல்போனில் தமிழிலேயே அடித்தாள். அம்மா பக்கத்தில் நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார். பேங்கில் இன்னமும் பெருவிரல் ரேகைதான் வைப்பார்.

“அடில எம்பேரு போட்டியா கண்ணு?”

“போட்டுட்டனுங்க அம்மாயி.”

“எங்க, காட்டு.”

அவள் திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். ‘இப்படிக்கு’ என்பதற்குக் கீழே அம்மாவின் பெயர், முன்னெழுத்தும் தமிழில். அம்மா அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். திரை நகர்ந்து மெயில் மேலே ஓடிவிட்டது. பேத்தி மறுபடி கீழே இழுத்துக்கொண்டுவந்து நிறுத்தினாள்.