செத்தபின் எங்கே போகிறோம்? வீட்டுக்கு வீடு ஒரு பதில்!

மனிதன் செத்த பிறகு எங்கே போகிறான்?

இந்தக் கேள்வியைப் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பதில் வரும்.

"புண்ணியம் செய்தவன் சொர்க்கம் போவான். பாவம் செய்தவன் நரகம் போவான்" என்பார் ஒருவர். "மறுபடியும் பிறப்பான்" என்பார் இன்னொருவர். "காக்காயாக வந்து வாசலில் உட்காருவான்" என்பாள் பாட்டி. "எங்கேயும் போகமாட்டான். விளக்கு அணைந்தால் வெளிச்சம் எங்கே போகிறது? அதுபோலத்தான்" என்பான் கல்லூரியில் படிக்கும் பேரன்.

இவர்களில் யார் சொல்வது சரி?

போனவர் எவரும் திரும்பி வந்து சாட்சி சொன்னது இல்லை. ஆகவே இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தீராத வழக்குக்காகச் சண்டை போடலாமா? அதுவும் பிணத்தை நடு வீட்டில் கிடத்தி வைத்துக்கொண்டு?

கூடாது என்பது என் கட்சி. அப்படி ஒரு சண்டையை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். அந்தச் சண்டையால் நேர்ந்த நஷ்டத்தையும் பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாழிக்குள் நெல்

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்தது அல்ல.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூர் என்ற ஊர் இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி 1899-ம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே பூமியைத் தோண்டினார். பெரிய பெரிய மண் தாழிகள் கிடைத்தன. அவற்றில் மனித எலும்புகள் இருந்தன. எலும்போடு இரும்பு ஆயுதங்கள் இருந்தன. வெண்கலச் சாமான்கள் இருந்தன. பொன்னால் செய்த நெற்றிப்பட்டம் கூட இருந்தது. நெல் உமியும் இருந்தது.

செத்தவனுக்கு ஆயுதம் எதற்கு? நெல் எதற்கு?

போகிற இடத்தில் பசிக்கும் என்று நினைத்திருப்பார்கள். இன்று நம் வீட்டு ஆச்சி காக்காய்க்குச் சோறு வைக்கிறாள். அன்றைய ஆச்சி தாழிக்குள் நெல் வைத்தாள். மனசு ஒன்றுதான்!

ஒரே தெருவில் எத்தனை நம்பிக்கை!

நம் ஊரில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள்.

சிவனடியார் வீட்டில், "அப்பா சிவபதம் அடைந்தார்" என்பார்கள். வைணவர் வீட்டில், "பரமபதம் அடைந்தார்" என்பார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை ஆகிய நாட்களில் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். அதற்காக ராமேசுவரம் வரை போகிறவர்களும் உண்டு.

முஸ்லிம் வீட்டில் உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். கபுரில் வானவர்கள் கேள்வி கேட்பார்கள், கியாமத் நாளில் எல்லோரும் எழுப்பப்படுவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை.

கிறிஸ்தவர்களும் உயிர்த்தெழும் நாளை நம்புகிறார்கள். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாள். அன்று கத்தோலிக்கர்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

பெரியவர்களும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. வடலூர் வள்ளலார் செத்தவர்களை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும் என்றார். தந்தை பெரியாரோ ஆத்மா இல்லை, மோட்சம் இல்லை, நரகம் இல்லை என்றார். 1973-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி அவர் மறைந்தார். மதச் சடங்கு ஏதும் இல்லாமல் சென்னை பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பட்டார்.

தெருவில் இத்தனை நம்பிக்கை இருந்தால் தொந்தரவு இல்லை. அவரவர் வீடு அவரவருக்கு. ஒரே வீட்டுக்குள் இரண்டு நம்பிக்கை இருந்தால்? அங்கேதான் சங்கடம்.

தாத்தா சொன்னது

எங்கள் தாத்தா கறுப்புச் சட்டைக்காரர். கோவில் வாசலை மிதிக்கமாட்டார். ஆச்சியோ வெள்ளி, செவ்வாய் தவறாமல் விளக்கு ஏற்றுவாள். அறுபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். "உன் சாமி சௌக்கியமா?" என்று தாத்தா கிண்டல் செய்வார். "உங்களையும் சேத்துத்தான் அது பாத்துக்கிடுது" என்பாள் ஆச்சி. அதோடு சரி.

தாத்தா அடிக்கடி ஒன்று சொல்வார்: "நான் செத்தா எனக்குத் திதி வேண்டாம், திவசம் வேண்டாம். கண்ணை மட்டும் எடுத்துக் கொடுத்திருங்க."

சொன்னார். ஆனால் எழுதி வைக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்தும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தாத்தா போய்விட்டார்.

"கண் வங்கிக்குப் போன் பண்ணட்டுமா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

பெரியப்பா துள்ளி எழுந்தார். "ஏலே, அய்யா அடுத்த பிறவியில குருடாப் பிறக்கணுமா? மூத்தவன் நான் இருக்கேன். நான் சம்மதிக்க மாட்டேன்."

"அவர் சொன்னது உனக்குத் தெரியும்லா அண்ணே?"

"விளையாட்டாச் சொல்லியிருப்பாரு!"

அத்தை அழுதாள். சித்தப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். கேதத்துக்கு வந்தவர்களும் ஆளுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். கண்ணில் ஆரம்பித்த பேச்சு நீர்மாலைக்குப் போயிற்று. நெய்ப்பந்தத்துக்குப் போயிற்று. பழைய வயல் தகராறு வரைக்கும் போயிற்று.

ஒரு வழியாகப் பெரியப்பா இறங்கி வந்தார். "சரி, அவர் ஆசைப்பட்டபடியே செய்யுங்க" என்றார்.

அப்போது மணி இரண்டு.

போன் செய்தோம். "உயிர் எப்போது பிரிந்தது?" என்று கேட்டார்கள். காலை ஏழு மணி என்றோம். "ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் அய்யா. இனி வந்து பலன் இல்லை" என்றார்கள்.

தாத்தாவின் கண்கள் தாத்தாவோடு எரிந்தன. இரண்டு பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெளிச்சம் சாம்பலாயிற்று.

ஆச்சியின் நியாயம்

அத்தனை சத்தத்திலும் ஒருவரிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த ஆச்சிதான் அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் ஆச்சி எல்லோரையும் கூப்பிட்டாள்.

"நான் செத்தா எல்லாச் சடங்கும் செய்யணும். காக்காய்க்குச் சோறு வைக்கணும். ஆனா கண்ணை எடுத்துக் கொடுத்திரணும்" என்றாள்.

பெரியப்பா திகைத்தார். "அம்மா, மறுபிறவியில..."

"ஏம்ல, சுடுகாட்டுல வச்சா கையும் காலுந்தான் சாம்பலாகுது. அதெல்லாம் மறுபிறவியில வரும், கண்ணு மட்டும் வராதா? தானம் பண்ணினாப் புண்ணியம்னு நீதான சொல்லுவ? கண்ணைத் தானம் பண்ணினவளுக்கா சாமி கண்ணைப் பிடுங்கும்?"

பெரியப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆச்சி பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஆனால் படித்தவர்கள் பலருக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. நாத்திகர் தாத்தாவும், பக்தை ஆச்சியும் வேறு வேறு பாதையில் நடந்து ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்!

காளத்தியில் தன் கண்ணையே தோண்டி அப்பிய கண்ணப்பரை நாம் நாயன்மாராக வைத்துக் கும்பிடுகிறோம். கண் கொடுத்தவருக்குக் குறை வரும் என்று எந்தப் புராணம் சொல்கிறது?

எல்லா மதத்தாரும் இதில் ஒரே முடிவு சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. உதாரணமாக, இஸ்லாமிய அறிஞர்களிடையே இரண்டு கருத்தும் உண்டு. அவரவர் தம் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும்!

பயம் வேண்டாம்

கண் தானம் என்றால் முகம் கோரமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது தவறு.

கருமணிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல, ஒரு தெளிந்த சவ்வு இருக்கிறது. அது வெளுத்துப் போனால் பார்வை மங்கும். அடிபடுவதாலும், புண்ணாலும், சுண்ணாம்பு போன்றவை படுவதாலும் அப்படி ஆகும். அப்படிப் பார்வை போனவர்களுக்குத்தான், செத்தவரின் சவ்வை எடுத்து வைக்கிறார்கள். கண் நரம்பு கெட்டவர்களுக்கு இது பயன்படாது.

ஒருவர் கண்ணின் சவ்வை இன்னொருவருக்கு வைப்பது முதல் முறையாக வெற்றி பெற்றது 1905-ம் ஆண்டில். ஐரோப்பாவில் ஒலோமூட்ஸ் என்ற ஊரில், எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு கூலித் தொழிலாளிக்குச் செய்தார். இந்தியாவில் முதல் கண் வங்கி 1945-ல் நம் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் ஏற்பட்டது. தமிழர்களுக்கு இது பெருமை அல்லவா?

கண்ணை எடுக்கச் சுமார் 20 நிமிஷம் போதும். உடலை எங்கும் தூக்கிப் போக வேண்டாம். வீட்டுக்கே வருவார்கள். பணம் கேட்க மாட்டார்கள். இமையை மூடிவிட்டால் முகம் தூங்குவது போலவே இருக்கும். கிழவர், கண்ணாடி போட்டவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை வியாதிக்காரர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவற்றால் இறந்தவர்களிடம் எடுக்கமாட்டார்கள்.

உயிர் போனதும் செய்ய வேண்டியது மூன்று. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பிறகு உடனே போன் செய்யுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. செத்தவர் எழுதி வைத்திருந்தாலும், போன் செய்ய வேண்டியவர்கள் வீட்டார்தான். எழுதி வைக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் கொடுக்கலாம். ஆகவே சாவி வீட்டார் கையில் இருக்கிறது.

உடல் யாருக்கு? துக்கம் யாருக்கு?

"செத்தவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே? அவர் விருப்பத்தை நடத்தினால் என்ன, நடத்தாவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியுமே! நாளைக்கு நாமும் படுக்கப் போகிறவர்கள். நம் பேச்சு காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கை நமக்கு வேண்டாமா?

என் யோசனை இதுதான். உடல் செத்தவருடையது. எரிப்பதா, புதைப்பதா, கண்ணைக் கொடுப்பதா, ஆஸ்பத்திரிக்கு முழு உடலையும் கொடுப்பதா என்பதை அவர் சொன்னபடி செய்யுங்கள். துக்கம் இருப்பவர்களுடையது. சோறு வைக்கிறவர் வைக்கட்டும். ஜெபம் செய்கிறவர் செய்யட்டும். சும்மா உட்கார்ந்து அழுகிறவர் அழட்டும். ஒருவர் துக்கத்தை இன்னொருவர் பரிகசிக்க வேண்டாம்.

அதற்காகக் கடன் வாங்கிக் கருமாதி விருந்து போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. செத்தவருக்காக, இருக்கிற பிள்ளையின் படிப்பை அடகு வைப்பது எந்த நம்பிக்கையிலும் சேராது. ஒரு பிடி சோறு வேறு. ஒரு லட்ச ரூபாய்க் கடன் வேறு.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள்.  எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். "எனக்கு என்ன வேண்டும் என்றால்..." என்று முதலில் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டால் வருத்தம் வராது. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். குறைந்தது இரண்டு பேருக்குச் சொல்லி வையுங்கள். இது அபசகுனம் அல்ல. மழை வருமுன் கூரை வேய்வது அபசகுனமா?

காக்காய் வந்தது

நான்கு வருஷம் கழித்து ஆச்சி போனாள். விடியற்காலை நான்கு மணி. மின்விசிறியை நிறுத்தியது யார் தெரியுமா? பெரியப்பா! போன் செய்ததும் அவரே. ஆறு மணிக்கு ஆள் வந்தார்கள். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அதன் பிறகு நீர்மாலை எடுத்தோம். பேரன்மார் நெய்ப்பந்தம் பிடித்தோம். ஆச்சி கேட்ட சடங்கில் ஒன்று கூடக் குறையவில்லை. சண்டையும் இல்லை.

கண்கள் இரண்டு பேருக்கு வைக்கப்பட்டன என்று பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பெயர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு வாசலில் சோறு வைத்தோம். ஒரு காக்காய் வந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. தின்றது. பறந்து போயிற்று.

"அம்மாதான்!" என்றார் பெரியப்பா.

வந்தது ஆச்சிதானா? எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கோ இரண்டு பேர் இன்று காலை எழுந்து, ஆச்சியின் கண் வழியாகச் சூரியனைப் பார்த்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.