காஸ் தீர்ந்து போவதில்லை

எங்களுக்குத் தெரிந்து புசல்லாவையில் யாரும் வீட்டுக்கு ஏசி பூட்டியதில்லை. ஆடி மாசக் காற்றுக்குக் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுக்கிற ஊர் இது. ஆனால் தீபாவளிக்கு ஊர் திரும்புகிற பொடியன்களை டவுனில் நிறுத்தி "எங்க வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் கொழும்பில் சாப்பாட்டுக் கடை, ஒருத்தன் வத்தளையில் ஹார்ட்வெயார், அடுத்தவன் ஏசி பாஸுக்குக் கையாள், அதற்கடுத்தவன் டோஹாவில் ஏசி. குளிரூருக்குப் பிறந்தவர்கள்தான் வெயிலூர்களைக் குளிராக்கிக் கொண்டிருக்கிறார்கள். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. தொழிலை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்யவிடுகிற முறையோடுதான் சண்டை.

"பார்த்துப் பழகிக்கோ." இந்த ஒரு வசனத்தில்தான் எங்கள் ஊர்ப் பொடியனின் தொழிற்கல்வி முழுவதும் அடங்கிப் போகிறது. ஓ.எல். சரியாக வரவில்லை, மாமா ஒருத்தர் பாஸிடம் கூட்டிப்போய் விடுகிறார், முதல் ஆறு மாசம் ஏணி தூக்கு, சுவரைத் துளை, தேத்தண்ணி வாங்கி வா. பிறகு ஒருநாள் பாஸுக்கு வேறு சைட்டில் அவசரம் வந்ததும் கேஜ் செட் இவன் கைக்கு வந்துவிடும். ஊசி எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும். ஏன் அங்கே நிற்க வேண்டும் என்பது தெரியாது. எங்களில் இரண்டு பேர் அப்படித்தான் கேஜ் பிடித்தோம். ஆகவே இதை மேலிருந்து எழுதவில்லை.

இந்தத் தொழிலின் மிகப்பெரிய பொய்யிலிருந்து தொடங்குவோம். "மேடம், காஸ் குறைஞ்சிருக்கு, அடிக்கணும்." "தம்பி, போன வருஷமும் இதத்தானே சொன்னீங்க?" என்று அந்தம்மா கேட்டால், "அது அப்படித்தான் மேடம், ஓட ஓடத் தீரும்" என்று பதில் வரும். தீராது. ஏசி காஸ் பெற்றோல் இல்லை. உள்ளே போனது மூடின குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் காஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூலி கேட்கிற வேலை. வருஷா வருஷம் கூலி வரும் என்பதால்தான் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறது. சொல்கிற பொடியனுக்கு அது பொய் என்றே தெரியாது. பாஸ் சொன்னதைத்தான் அவன் சொல்கிறான்.

ஓட்டை பெரும்பாலும் எங்கே விழுகிறது? பூட்டுகிற அன்றைக்கே, எங்கள் கையாலேயே. செப்புக் குழாயின் வாயை விரித்து நட் போட்டு இறுக்குகிற இடம் அது. வெட்டின பிசிறைச் சுரண்டி எடுக்காவிட்டால் விரிப்பு சரியாக உட்காராது. நட்டைப் போதாமல் இறுக்கினால் கசியும், கூட இறுக்கினால் செப்பு வெடிக்கும். கால் அங்குல நட்டுக்கு ஓர் அளவு, அரை அங்குல நட்டுக்கு அதைப்போல் மூன்று மடங்கு. அந்த அளவைக் காட்டுகிற டோர்க் ஸ்பேனரை எங்கள் பாஸின் பெட்டியில் நாங்கள் ஒருநாளும் காணவில்லை. "கை சொல்லும்டா" என்பார். இருபது வருஷக் கை சொல்லலாம். ஆறு மாசக் கை என்ன சொல்லும்?

அடுத்தது வெக்கியூம். இதில்தான் நேரம் மிச்சம் பிடிக்கிறார்கள். குழாய் பூட்டினதும் உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, பம்பை நிறுத்தி, ஊசி ஏறுகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். நடப்பது வேறு. அவுட்டோரில் இருக்கிற காஸையே கொஞ்சம் திறந்து, மறுபக்கம் "உஸ்" என்று காற்றைத் தள்ளிவிட்டு, நட்டை இறுக்கிவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓட்டம். அப்படிக் காற்று போகலாம், ஈரம் போகாது.

ஈரம் எப்படிப் போகும் என்பதை மலையில் பிறந்தவனுக்குச் சொல்ல அரை நிமிஷம் போதும். நுவரெலியாவில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? 1868 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. வெக்கியூம் பம்ப் அந்தக் குழாயை எந்த மலையும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே அறை வெப்பத்திலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மிஞ்சின ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரைத் தின்னும். எங்கள் அம்மம்மாக்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பள்ளிக்கூடத்திலும் ஆவியாதல், கொதிநிலை, மறைவெப்பம் என்று தமிழில் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினோம். ஆனால் நாங்கள் போன தொழிற்பயிற்சி வகுப்பில் வாத்தியார் சிங்களத்தில் பேசினார், கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் படித்ததும் கேஜ் ஊசியும் ஒரே விஷயம் என்று சொல்ல ஆள் இல்லை. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் 1987இலேயே எழுதியாயிற்று. அது வெர்க்‌ஷொப் வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை.

"ஏசி பாஸுக்கு விஞ்ஞானம் எதுக்கு?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழைய ஆர்-22 மெஷினில் குறை அழுத்தப் பக்கம் 60, 70 பி.எஸ்.ஐ. நிற்கும். ஆர்-410ஏ என்றால் 120 அளவில் நிற்கும். பழசில் பழகினவன் புதுசில் 120ஐப் பார்த்து "கூடிருச்சு" என்று காஸைத் திறந்துவிடுவான். அல்லது காலி மெஷினில் 65 வந்ததும் போதும் என்று நிறுத்துவான், இரண்டு நாளில் இன்டோரில் ஐஸ் கட்டும். சரியான வழி தராசு. மெஷினின் தகட்டில் இத்தனை கிராம் என்று அடித்திருக்கிறது. குழாய் குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மீற்றருக்கு இத்தனை கிராம் கூட்டு என்றும் கையேட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் கிடைக்கிற அந்தத் தாளை நாங்கள் பெட்டியோடு குப்பையில் போடுகிறோம்.

இப்போது வருகிற மெஷின்களில் ஆர்-32. மெதுவாக என்றாலும் தீப்பற்றக்கூடியது. மூடின அறையில் கசியவிட்டு பிரேசிங் டோர்ச்சைப் பற்றவைக்கக் கூடாது என்று பொடியனுக்கு யார் சொன்னது? கசிவு பார்க்க நைதரசன் அடிக்க வேண்டும். சிலிண்டர் கைக்கெட்டவில்லை என்று ஒட்சிசன் அடித்தால் உள்ளே இருக்கிற எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். இது பரீட்சைக் கேள்வி இல்லை, முகத்துக்கு நேரே வருகிற விஷயம். எட்டாம் மாடி விளிம்பில் இடுப்புக்கு ஒரு கயிறுகூட இல்லாமல் அவுட்டோர் தூக்கின படம் எங்களில் ஒருவனின் போனில் இன்னும் இருக்கிறது. எடுத்த அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் ஸ்டேட்டஸ் போட்டான்.

விழுந்தால்? "டெய்லி ஆள்தானே" என்பார்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. நாட்கூலிக்காரனுக்கும் முதலாளி 12 வீதம் போட வேண்டும். வேலையாட் நட்டஈட்டுச் சட்டம் அதற்கும் முன்னால், 1934. தோட்டத்தில் பேர் போடுகிற எங்கள் அம்மாமாருக்குச் சேமலாப நிதி என்றால் என்னவென்று தெரியும், அதற்காக அவர்கள் சண்டையும் பிடித்திருக்கிறார்கள். கொழும்புக்குப் போன மகனுக்கு அந்தச் சொல்லே மறந்துவிடுகிறது. லயத்தை விட்டு வெளியேறியதை முன்னேற்றம் என்கிறோம். கங்காணி இல்லாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக நினைக்கிறோம். கூலி, வேலை, பேச்சு எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால், அவரை பாஸ் என்று கூப்பிட்டாலும் சேர் என்று கூப்பிட்டாலும் அவர் யார்?

வானத்தைப் பற்றியும் பேச வேண்டும். அது எங்களுக்கு வெளியூர் விஷயம் இல்லை. ஓசோனைக் காக்க 1987இல் எழுதின மொன்றியல் உடன்படிக்கையை இலங்கை 1989இல் ஏற்றது. வெப்பத்தைப் பிடித்துவைக்கிற காஸ்களைக் குறைக்கிற கிகாலித் திருத்தத்தை 2018இல் ஏற்றது. தாளில் ஏற்பு, சைட்டில் "உஸ்". ஆர்-410ஏ ஒரு கிலோவை வெளியே விட்டால் சுமார் 2 தொன் கரியமிலவாயு விட்டதற்குச் சமம். வெயில் கூடினால் ஏசிக்காரர் இன்னொரு மெஷின் பூட்டுவார். மழை பிழைத்தால் முதலில் சரிவது மலைச்சரிவில் கட்டின லயம். 2014 ஒக்டோபர் 29, மீரியாபெத்தையை நாங்கள் மறக்கவில்லை.

"தம்பி, இதெல்லாம் சரி, பார்ட்டி காசு குறைச்சாக் குடுக்குறான், வெக்கியூம் போட்டு நின்னா ரெண்டு சைட் போயிரும்" என்று ஓர் அண்ணன் எங்களிடம் சொன்னார். நியாயம்தான். ஆகவே மெஷினை இரண்டு இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டு, பூட்டுக் கூலியில் ஆயிரம் குறைக்கப் பேரம் பேசுகிற தமிழ் ஆட்களுக்கும் இதைச் சொல்கிறோம்: நீங்கள் குறைத்த அந்த ஆயிரம்தான் பம்ப் ஓடாத அரை மணித்தியாலம். கரண்ட் பில்லில் மாசாமாசம் திருப்பிக் கட்டுவீர்கள். பொடியன் வந்தால் பம்பைக் காட்டச் சொல்லுங்கள், தராசு எங்கே என்று கேளுங்கள். கோபப்பட மாட்டான். கேட்க ஒருத்தர் இருந்தால்தான் அவனும் பாஸிடம் போய் பம்ப் கேட்பான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக டவுனில் ஒரு கடை மாடியில் உட்கார்ந்து ஒரு கையேட்டை வரிக்குவரி தமிழாக்கிக் கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு பக்கம் முடிந்திருக்கிறது. நட் இறுக்கும் அளவும் காஸ் கிராம் கணக்கும் ஒரே தாளில், பெட்டி மூடிக்குள் ஒட்டுகிற மாதிரி. தீபாவளிக்கு ஊர் வருகிறவர்கள் போகும்போது பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். பாஸ்மாருக்கும் தருவோம்.