29ஆம் பிரிவும் 33ஆம் பிரிவும்: எழுதி வைத்தால் மட்டும் போதுமா?

மகள் கிரேட் 10 படிக்கிறாள். இந்த செமஸ்டரில் சிவிக்ஸ் பாடம். போன கிழமை சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, இங்க சார்ட்டர் இருக்கு. ஸ்ரீலங்காவில அப்படி ஒண்டும் இருக்கேல்லையா? இருந்திருந்தா நீங்கள் இஞ்ச வந்திருக்க மாட்டியள்தானே?"

இருந்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எங்கட வயதுக்காரர் பலருக்கே அது மறந்துபோய்விட்டது.

சுதந்திரத்தின்போது இலங்கைக்குக் கிடைத்த சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தடையையோ பாதகத்தையோ ஒரு இனத்தவர்மீதோ மதத்தவர்மீதோ மட்டும் சுமத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வாசிக்க நல்ல வசனம்தான். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 29 மீறப்படவில்லை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம். அதை எதிர்த்து அரச ஊழியரான கோடீஸ்வரன் போட்ட வழக்கில், 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மேல் நீதிமன்றங்களில் இழுபட்டு, மொழிச்சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

அதே 1964இல் வேறொரு வழக்கில், 29இன் பாதுகாப்பு மாற்ற முடியாதது என்று பிரிவி கவுன்சில் கருத்துச் சொன்னது. எட்டு வருடம்தான். 1972 மே 22 அன்று அது இல்லாமல் போனது. அதை ஒருவரும் திருத்தவில்லை. தேர்தலில் வென்றவர்கள் அரசியல் நிர்ணய சபை ஒன்றைக் கூட்டி, பழைய யாப்பையே ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதினார்கள். தமிழரசுக் கட்சி 1971இலேயே அந்தச் சபையிலிருந்து வெளியேறியிருந்தது.

இங்கேதான் ஒரு யாப்பின் மூலம் முக்கியமாகிறது. 29ஆம் பிரிவு லண்டனிலிருந்து வந்தது. பெரும்பான்மை அதைத் தன்னுடையது என்று நினைக்கவே இல்லை. 1972 யாப்பு கொழும்பில் பிறந்தது. அதில் எங்கட சம்மதம் இல்லை.

அப்படியென்றால் நாங்கள் இப்போது வாழும் நாடுகளின் யாப்புகள் எப்படி? பிரித்தானியாவில் யாப்பு என்று ஒரே புத்தகமாக ஒன்றும் இல்லை. பழைய சட்டங்கள், தீர்ப்புகள், மரபுகள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. நாடாளுமன்றத்துக்கு மேலே எதுவும் இல்லை. ருவாண்டா அகதிகளுக்குப் பாதுகாப்பான நாடல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஏப்ரலில், அது பாதுகாப்பானதுதான் என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அந்தத் திட்டம் ஜூலையில் ஆட்சி மாறியதால்தான் கைவிடப்பட்டது. எந்த நீதிமன்றமும் அதை நிறுத்தவில்லை.

ஜெர்மனி இதற்கு நேர்மாறு. ஹிட்லர் காலத்தைப் பார்த்தவர்கள் 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தில், மனித மாண்பைச் சொல்லும் முதலாம் பிரிவின் கோட்பாட்டை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தாலும் நடக்காது. சுவிஸில் கடைசி வார்த்தை மக்களுடையது. ஒரு இலட்சம் கையெழுத்துச் சேர்த்தால் யாப்புத் திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். 2009இல் பள்ளிவாசல் மினார் கட்டத் தடை அப்படித்தான் யாப்புக்குள் போனது. மக்கள் நேரடியாக எழுதினால் எல்லாருக்கும் நியாயம் கிடைக்கும் என்று நம்புபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கனடா நடுவிலே நிற்கிறது. 1867 சட்டம் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றியது. அதில் பிரதமர் என்ற பதவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அது மரபால் வந்தது. 1982இல் யாப்பு நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது கூடவே வந்ததுதான் மகள் படிக்கிற சார்ட்டர். மாகாணங்களின் சம்மதத்துக்குக் கொடுத்த விலை 33ஆம் பிரிவு. இங்கே எல்லாரும் நொட்வித்ஸ்டாண்டிங் பிரிவு என்று சொல்வது அதைத்தான். மத சுதந்திரம், பேச்சுரிமை, சமத்துவம் போன்ற உரிமைகளை மீறியும் ஒரு சட்டத்தை ஐந்து வருடம் ஓடவிடலாம், பிறகு புதுப்பிக்கவும் செய்யலாம். வாக்குரிமை போன்ற சில உரிமைகளை இப்படித் தொட முடியாது.

இது சும்மா கிடக்கிற பிரிவு என்று பலகாலம் நினைத்திருந்தோம். 2019இல் கியூபெக் இதைப் பாவித்து, அரச பாடசாலை ஆசிரியர்கள் ஹிஜாப், தலைப்பாகை போன்ற மத அடையாளங்கள் அணிவதைத் தடுத்தது. 2022 நவம்பரில் ஒன்ராறியோ, பாடசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க இதை எடுத்தது. 2025 அக்டோபரில் அல்பேர்ட்டா, ஆசிரியர்களை வேலைக்குத் திருப்பி அனுப்ப எடுத்தது.

இதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் இருக்கிறது. 1982 யாப்புக்குக் கியூபெக் சம்மதிக்கவில்லை. தன் மொழியைக் காக்கத் தனக்கென்று அதிகாரம் வேண்டும் என்பது அவர்களின் வாதம். தமிழர்களுக்கு அது நன்றாக விளங்கும், நாங்களும் அதைத்தானே கேட்கிறோம். ஆனால் அந்த அதிகாரம் கிடைத்தபின் அதற்குள்ளே வாழும் சிறிய சமூகங்களை யார் காப்பது? நாளைக்கு வடக்குக் கிழக்குக்கு அதிகாரம் வந்தால் முஸ்லிம்கள் எங்களிடம் கேட்கப்போவதும் இதே கேள்விதான்.

ஒன்ராறியோவில் நடந்ததைக் கவனியுங்கள். சட்டம் நிறைவேறிச் சில நாட்களுக்குள் முதல்வர் பின்வாங்கினார். நீதிமன்றம் தடுக்கவில்லை. ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள், மற்றத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நிற்கத் தயாரானார்கள். எங்கட 29ஆம் பிரிவுக்கு இல்லாமல் போனது இதுதான். பெரும்பான்மைக்குள்ளே அதற்காக எழுந்து நிற்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை.

இலங்கையில் 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் புதிய அரசியலமைப்பைத் தருவதாக வாக்களித்தார்கள். வரைவு வந்தால் ஒற்றையாட்சியா சமஷ்டியா என்ற ஒரே சொல்லில் எல்லாரும் மல்லுக்கட்டுவோம். அந்தச் சொல் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் எழுதும்போது யார் மேசையில் இருந்தார்கள், யாருடைய சம்மதமில்லாமல் மாற்ற முடியாது, மீறினால் யார் தடுப்பார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மாகாண சபைகள் 1987இலிருந்து 13ஆம் திருத்தத்தில் எழுத்தில் இருக்கின்றன. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013இல். 2018இல் காலம் முடிந்தது. அதன்பிறகு வருடக்கணக்காக அந்தக் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.

இங்கே செய்யவும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாகாணத் தேர்தலில் வாக்குக் கேட்டுக் கதவைத் தட்டுபவரிடம், அவர் தமிழராக இருந்தாலும், 33ஆம் பிரிவை எப்போது பாவிப்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலானோர் அதை எதிர்பார்க்க மாட்டார்கள். என்ர மகள் கேட்கப்போகிறாளாம். அவளுக்கு இன்னும் வாக்கு இல்லை, ஆனால் கதவைத் திறப்பது அவள்தான்.