வியாதியின் பெயரும் தொழிலாளியும்

ஆங்கில அகராதிகளில் ஏறியுள்ள மிக நீண்ட சொல் ஒரு வியாதியின் பெயர்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோஸிஸ். 45 எழுத்துக்கள், 19 அசைகள். குரலின் பிரதான அழுத்தம் ஈற்றயல் அசையாகிய ‘ஓ’வின் மீது விழும். 1935-ல் அமெரிக்கப் புதிர்ச் சங்கத் தலைவர் விளையாட்டாகக் கட்டிய சொல் இது. பிரித்துப் பார்த்தால் மிரட்சி நீங்கும். ‘நியூமோன்’ நுரையீரல், ‘அல்ட்ராமைக்ரோஸ்கோபிக்’ பூதக்கண்ணாடிக்கும் எட்டாத நுண்மை, ‘சிலிகோ’ கல்லிலும் மணலிலும் உள்ள சிலிகா, ‘கோனி’ தூசி, ‘ஓஸிஸ்’ பீடிக்கப்பட்ட நிலை. ‘வால்கனோ’ எரிமலையாம். பல்லாவரத்தில் எரிமலை ஏது? அதைத் தள்ளுவோம். எஞ்சுவது சிலிகோஸிஸ், அதாவது கல்தூசி நோய்.

பல்லாவரம், திரிசூலம் குன்றுகளின் சார்னோக்கைட் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. அதை உடைத்து ஜல்லியாக்குவோர் சுவாசிக்கும் தூசியில் சிலிகா கலந்திருக்கும். அது நுரையீரலைத் தழும்பாக்கும். க்ஷயத்துக்கும் வழி திறக்கும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய க்ஷய ஸானடோரியம் இன்று அரசாங்க ஆஸ்பத்திரியாக நடைபெறுகிறது. இத்தகைய ஆஸ்பத்திரிகளை நாடும் கல்லுடைக்கும் தொழிலாளிக்கு, தன் சீட்டில் எழுதியது விளங்க வேண்டாமா? சட்டப்படி நஷ்டஈடு கோரத்தக்க தொழில் வியாதியன்றோ இது! பெயரே விளங்காதவன் எதைக் கோருவான்? வைத்தியர்கள் சீட்டில் ‘கல்தூசி நோய்’ என்று தமிழிலும் எழுதித் தருவார்களாக.