சயாமுக்குப் போனவர்களின் பெயர்ப் பட்டியல்

தேயிலைத் தோட்டமானாலும் பால்மரத் தோட்டமானாலும், மலாயாவில் தோட்டத் தொழிலாளியின் நாள் பெரட்டில்தான் விடிந்தது. இருட்டோடு வரிசையில் வந்து நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டு, வந்தவருக்குச் செக்ரோலில் பதிவார்கள். பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆகவே தோட்டத்தில் பெயரில்லாத ஆள் என்று எவரும் இருந்ததில்லை. அதே தோட்டங்களிலிருந்து 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர்கள் ரயில் பாதை போடக் கொண்டுபோய், திரும்பி வராமலே போனவர்களை இன்று 'பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோர்' என்கிறோம். அந்தச் சொல் தவறு. அவை தெரியாத பெயர்கள் அல்ல, போருக்குப் பின் யாரும் எழுதி வைக்காத பெயர்கள். போர்க்காலத் தியாகத்தைத் தலைமுறை தாண்டிப் போற்ற வேண்டும் என்று கேமரன் மலையின் கோலா தெர்லா போன்ற மலைத்தோட்ட ஊர்களில் நினைப்போமானால், முதல் வேலை அந்தப் பெயர்களைத் தேடி எழுதுவதுதான். மாலையும் மேடையும் பிறகு வரட்டும்.

அந்த ரயில் பாதை, சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கிய பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் உழைத்து, ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழர்களே மிகுதி. காடும் மழையும் பட்டினியும், 1943 மழைக்காலத்தில் பரவிய காலராவும் கொன்ற ஆசியர்களின் தொகையைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்கிறது. இந்த எண்ணிக்கைகளில் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். கைதிகளின் சாவுக்கு ஏறத்தாழ ஓர் எண் சொல்ல முடிகிறது. நம்மவர் கணக்கில் இருபதாயிரம் உயிர்கள் 'முதல்', 'வரை' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே தொங்குகின்றன. சயாமின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசையாக உறங்குகிறார்கள். குட்டையான கல்லில் பதித்த தகட்டில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், பல தகடுகளில் வயது, சிலவற்றில் வீட்டார் சொல்லியனுப்பிய ஒரு வரி. அதே ஊரில் 1990-இல் ஒரு பெரும் புதைகுழியைத் தோண்டியபோது வெளிவந்த எலும்புகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

"அவர்கள் போர்வீரர்கள் அல்லவே, கூலிக்குப் போனவர்கள்தானே? இறந்தது பரிதாபம், தியாகம் ஆகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. தியாகம் என்பது தானே விரும்பிக் கொடுப்பது என்றால், கைதியாகப் பிடிபட்ட சிப்பாயும் அந்தத் தண்டவாளத்தை விரும்பிப் போடவில்லை. இருவரையும் ஒரே காடு, ஒரே காலரா கொன்றது. சிப்பாய்க்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது, அதன் பதிவேட்டில் அவன் எண் இருந்தது. பால்மரம் சீவியவனுக்குப் பின்னால் லயத்தில் ஒரு குடும்பம் மட்டுமே இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான். நம் மரபில் நடுகல்லும் படைத்தலைவனுக்கு மட்டும் நட்டதல்ல. ஆநிரை காத்து மடிந்தவனுக்கும் அவன் பெயரையும் செயலையும் பொறித்தே கல் நட்டார்கள். 2023-இல் காஞ்சனபுரியில் தமிழ் அமைப்புகளின் முயற்சியால் ஒரு நடுகல் எழுந்தது நெஞ்சை நிறைக்கும் செய்தி. ஆனால் அந்த ஒரு கல் எல்லாருக்குமாகச் சேர்ந்து நிற்கிறது. தனித்தனிப் பெயர்கள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி கடினமானது. அதே ஆண்டுகளில் தோட்டத் தமிழர் பலர் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படைக்குப் போனார்கள். அதில் முன்னணியில் நின்ற மலேசியரான ஜானகி ஆதி நாகப்பனுக்கு இந்திய அரசு 2000-இல் பத்மஸ்ரீ அளித்தது. அந்தப் படையின் கூட்டாளி ஜப்பான், ரயில் பாதையின் எசமானனும் ஜப்பான். இரு தரப்பையும் ஒரே மூச்சில் போற்றலாமா? போற்றலாம் என்பதே என் கருத்து. லயத்தில் இருந்த இளைஞனுக்கு முன் அன்று திறந்திருந்த கதவுகள் மிகச் சில. சயாம் ரயிலுக்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் சயாமுக்கும் தம்பி படைக்கும் போயிருந்தால், அந்தத் தாயின் கண்ணீரை எந்தக் கட்சியில் சேர்ப்பது? ஜப்பானியக் கூட்டணியை வரலாற்றாசிரியர்கள் கடுமையாகவே எடை போடட்டும். பெயரை எழுதுவதற்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காலம் கடந்துவிட்டது என்பதையும் நான் ஏற்கவில்லை. தூரக்கிழக்கில் கைதிகளாக இருந்தவர்களில் உயிரோடிருந்தோருக்குப் பிரிட்டிஷ் அரசு ஆளுக்கு 10,000 பவுண்டு அறிவித்தது 2000-இல், போர் முடிந்து 55 ஆண்டுகள் கழித்து. சயாம் ரயில் பாதையின் ஹெல்ஃபயர் கணவாயில் ஆஸ்திரேலியா அருங்காட்சியகம் திறந்தது 1998-இல். இன்றும் ஆஸ்திரேலியாவின் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியலில் கைதிகளின் பேரப்பிள்ளைகள் அங்கு வந்து நிற்கிறார்கள். நமக்கோ 1967 உடன்பாட்டின்படி ஜப்பான் மலேசியாவுக்குத் தந்தது 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள். நாட்டுக்கு அது பயன்பட்டிருக்கலாம். விதவையான தோட்டப் பெண்ணின் அடுப்புக்கு அதிலிருந்து ஒரு சுள்ளியும் வரவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் நினைவைக் காத்தன. பதிவேடு செய்ய வேண்டியதை எழுத்தாளர்கள் செய்தார்கள்.

மலைமேல் இருக்கும் கோலா தெர்லாவுக்கு இதில் என்ன? சயாமுக்குப் போனவர்களில் மிகப் பலர் கீழ்நாட்டுப் பால்மரத் தோட்டத்தவர்கள் என்பது உண்மை. ஆனால் தோட்டக் குடும்பம் ஒரே லயத்தில் வேர்விட்டதில்லை. வேலை தேடி மேலே ஏறியவர்கள் உண்டு, பேராக் தோட்டங்களில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் உண்டு. "தாத்தாவோட அண்ணன் சயாமுக்குப் போனார், வரல" என்ற ஒற்றை வரி இங்கும் எந்த வீட்டில் கிடக்கிறது என்பது கேட்டால்தான் தெரியும். கேட்க ஏற்ற இடம் தமிழ்ப்பள்ளி. மலேசியாவின் ஜூலை 31 வீரர்கள் தினத்துக்கு முந்திய மாதம் ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு தாள் போதும். போனவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா. தெரியாத கட்டத்தை வெறுமையாக விடட்டும். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி அதை நிரப்பக்கூடும். அந்தப் பாட்டிகளுக்கு இன்று தொண்ணூறு வயது.