விண்ணில் ஓட்டினார், வீதியில் நின்றார்!

திருமயம் கோட்டைக்கு எதிரே தேநீர்க் கடை. கூட்டம் முடிந்து, கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த நம் தோழர்கள் நால்வர், விசிப்பலகையில் அமர்ந்ததும் என்னைக் கூண்டில் ஏற்றிவிட்டனர்.

"அண்ணே! ஆலைத் தொழிலாளியைப் பற்றிச் சொன்னீர்கள், கலங்கினோம். ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றிச் சொன்னீர்கள், கொதித்தோம். நடுவிலே விமானியைக் கொண்டுவந்து நிறுத்தினீர்களே, அது எதற்கு? இலட்சக்கணக்கில் ஊதியம் பெறுகிறவர். நட்சத்திர விடுதியில் உறங்குகிறவர். அவருக்கு வேலைப் பாதுகாப்பு இல்லையென்று, பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்த்து ஏறுகிற நாம் ஏன் உருக வேண்டும்?"

கேட்டவர் இளைஞர். கேள்வியிலே குற்றமில்லை. நான் வாய் திறக்குமுன், மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டார். "தம்பி, கொரோனாக் காலத்திலே மலேசியாவில் மாட்டிக்கொண்ட என் மகனைத் திருச்சியில் கொண்டுவந்து இறக்கியவன் யார்? அவனும் ஒரு விமானிதானே?" என்றார். கடை சிறிது நேரம் அமைதியாயிற்று.

அந்த அமைதியிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

2020 மே 7. உலகமே கதவடைத்துக் கிடந்த நாளில், வெளிநாடுகளில் சிக்கிய மக்களை மீட்டுவர 'வந்தே பாரத்' பயணங்கள் தொடங்கின. அன்று ஒன்றிய அரசின் உடைமையாக இருந்த ஏர் இந்தியாவும், அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் அந்தச் சுமையை முதலில் தாங்கின. தொற்று எந்த இருக்கையிலே அமர்ந்திருக்கிறது என்று தெரியாத நிலையிலும் விமானிகள் ஓட்டினார்கள். பாராட்டு மழை பொழிந்தது. "வீரர்கள்" என்றனர், "தியாகச் செம்மல்கள்" என்றனர்.

பத்து வாரம்கூட முடியவில்லை. ஜூலை 14-ஆம் நாள் ஏர் இந்தியா நிர்வாகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஊழியரை ஆறு மாதமோ, இரண்டாண்டோ ஊதியமின்றி விடுப்பில் அனுப்பலாம். அதை ஐந்தாண்டு வரை நீட்டவும் செய்யலாம்! விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமல்ல, விரும்பாதவருக்கும் இந்த விடுப்பு உண்டு!

வேலை இல்லை, ஊதியமும் இல்லை, ஆனால் வேலையை விட்டு நீக்கியதாகவும் ஆகாது. திரிசங்கு சொர்க்கம் என்பதைப் புராணப் புளுகு என்று நாம் சொல்லி வந்தோம். விண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவே மனிதரைத் தொங்கவிடும் கலையை நிர்வாகங்கள் மெய்யாகவே கற்றுவிட்டன!

யாரை அனுப்புவது? இதுதான், தோழர்களே, இதயமான கேள்வி. அந்த ஆணை அதற்கு அளவுகோல் வகுத்தது: தகுதி, திறமை, செயல்திறன், உடல்நலம், முன்பு பணிக்கு வராதிருந்த நாள்கள், தேவைக்கு மிகுதியானவரா என்பது. மதிப்பிடுவோர் துறைத் தலைவர்களும் வட்டார இயக்குநர்களும். முடிவெடுப்பவர், தலைவரும் நிர்வாக இயக்குநருமாகிய ஒருவர்.

நாடகம் எழுதுகிறவன் நான். இந்த அளவுகோல் நடைமுறைக்கு வந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன்.

நிர்வாகி: உமக்குத் திறமை போதாது.

விமானி: நேற்று வரை முந்நூறு உயிர்களை என்னை நம்பி ஒப்படைத்தீர்களே?

நிர்வாகி: அது நேற்று. உமக்கு உடல்நலமும் சரியில்லை.

விமானி: நோயுற்ற நாட்டிலிருந்து மக்களை ஏற்றிவந்ததால் தனிமையில் இருந்தேன், ஐயா!

நிர்வாகி: அதைத்தான் சொல்கிறேன், பணிக்கு வராத நாள்கள்! அதுபோகட்டும், சங்கக் கூட்டத்திலே பேசினீராமே?

திரை விழுகிறது. கடைசிக் கேள்விதான் உண்மையான அளவுகோல் என்பதை நான் விளக்கவும் வேண்டுமோ? முந்தைய ஆறும் தாளில் எழுதப்பட்டவை. ஏழாவது நிர்வாகியின் நெஞ்சில் எழுதப்படுவது. எதிர்த்துப் பேசுகிறவனைத் தள்ளவும், தலையாட்டுகிறவனைத் தாங்கவும் வழி திறந்துவிடும் என்பதே அச்சம். விமானிகளின் சங்கங்கள் அந்த ஆணையை எதிர்த்தன. எவரையும் பணிநீக்கம் செய்யமாட்டோம் என்று அந்த மாதமே அமைச்சகம் கூறிற்று. ஆனால் விமானிகளின் படிகள் வெட்டப்பட்டன. விலகல் கடிதம் கொடுத்துப் பின்னர் அதைத் திரும்பப் பெற்ற விமானிகள் பலர், ஆகஸ்ட் மாதத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர்களை மீண்டும் பணியில் அமர்த்தி, நிலுவை ஊதியமும் தரவேண்டுமென்று டெல்லி உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 1-இல் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்குப் பத்துத் திங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் என் எழுதுகோல் என்னைச் சபிக்கும். அந்த விடுப்பு ஆணை வந்த இருபத்து நான்காம் நாள், ஆகஸ்ட் 7 இரவு, துபாயிலிருந்து நம்மவரை ஏற்றிவந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் ஓடுதளம் தாண்டி விழுந்தது. மாண்டவர்களில் விமானிகள் இருவரும் அடங்குவர். அந்த விபத்துக்கும் இந்த ஆணைக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. எத்தகைய தொழிலைச் செய்கிறவர்களிடம் "நீ மிகை" என்று சொல்லப்பட்டது என்பதை நினைவூட்டுகிறேன், அவ்வளவே.

அமெரிக்காவில் என்ன நடக்கிறது? அங்கே விமானிகள் 1931-லேயே சங்கம் கண்டவர்கள். கட்டாய விடுப்பு அங்கும் உண்டு; கொடுமையாகவே உண்டு. 2020 அக்டோபர் 1-இல் இரண்டே நிறுவனங்கள் 32,000-க்கும் மேற்பட்ட ஊழியரை விடுப்பில் அனுப்பின. ஆனால் விமானிகளைப் பொறுத்தவரை, யார் போவது என்பதை முதலாளியின் முகக்குறிப்பு தீர்மானிப்பதில்லை, ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. பணிமூப்புப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் முதலில் போவார். திரும்ப அழைக்கும்போது, போனவர்களுள் மூத்தவர் முதலில் வருவார். அவர்கள் அழைக்கப்படும்வரை, புதியவர் அந்த நாற்காலியில் அமர முடியாது.

"கடைசியில் வந்த இளைஞன்தானே பலியாகிறான்? இதுவா நீதி?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்! விமானச் சங்கங்களுக்குள் நடக்கும் காரசாரமான விவாதமே அதுதான். மூத்தவருக்கு ஊதிய உயர்வு இனிக்கிறது; இளையவருக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. ஒப்பந்தப் பேச்சில் எதைப் பிடிப்பது, எதை விடுவது? 2020 செப்டம்பரில் யுனைடெட் நிறுவன விமானிகள் இதற்கு ஒரு விடை கண்டார்கள். எல்லோரும் பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது, அதற்கேற்ப ஊதியத்தையும் குறைத்துக்கொள்வது, ஆனால் எவரையும் அனுப்பவிடாதிருப்பது என்று பெரும்பான்மை வாக்கால் முடிவு செய்தனர். ஏறத்தாழ 2,850 இளைய விமானிகளின் வேலை அப்போது காப்பாற்றப்பட்டது.

என் கருத்து இதுதான்: நிர்வாகியின் விருப்பத்தைவிட மூப்பு வரிசை மேல், மூப்பு வரிசையைவிடப் பகிர்வு மேல். தன் பெயர் பட்டியலின் உச்சியில் இருக்கும்போது, அடியில் இருப்பவனுக்காக வாதாடுகிறவனே சங்கத்துக்காரன். மற்றவன் சந்தா கட்டுகிறவன்!

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட பகுதி, வேலையின்றி நிறுத்தி வைக்கப்பட்ட தொழிலாளிக்குப் பாதி ஊதியம் வழங்கச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாருக்கு? தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்றுக்கு மட்டும். மண்ணின் மேல் ஒன்று, மண்ணின் கீழ் ஒன்று, மண்ணில் வேரூன்றியது ஒன்று. வானம் அந்தப் பட்டியலில் இல்லை! சட்டம் கைவிட்ட இடத்தில் ஒப்பந்தம் ஒன்றே விமானிக்குத் துணை. ஒப்பந்தமும் ஊமையானால் அவர் அனாதை.

விந்தை இன்னும் இருக்கிறது. 2017-இல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஒரு விதி செய்தது. தலைமை விமானி வேலையை விட்டுப் போவதென்றால் ஓராண்டு முன்னறிவிப்புத் தரவேண்டும். துணை விமானி ஆறு மாதம். அவராகப் போவதற்கு ஓராண்டு! அவரை விடுப்பில் அனுப்புவதற்கு ஒரு தாள்! போனவர் சும்மா இருந்தாலும் திறமை துருப்பிடிக்கும். தொண்ணூறு நாள்களில் மூன்று முறையேனும் விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது அத்தொழிலின் விதி. பயிற்சிக்காக வாங்கிய பல பத்து இலட்சம் ரூபாய்க் கடனோ, ஒருநாளும் விடுப்பு எடுப்பதில்லை.

ஏர் இந்தியா 2022 சனவரியில் தனியார் கைக்குப் போயிற்று. 2023 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டபோது, கையெழுத்திட வேண்டாமென்று விமானிகள் சங்கங்கள் அறைகூவின. மூத்த விமானிகளை நிர்வாகத் தரப்பினராகக் காட்டும் ஏற்பாடும் அதில் இருந்தது என்பது அவர்கள் குறைகளுள் ஒன்று. பதவியின் பெயரிலே தங்கமுலாம் பூசினால், 'தொழிலாளி' என்ற சொல் மறைந்துவிடும். அந்தச் சொல்லோடு சட்டப் பாதுகாப்பும் மறைந்துவிடும். பட்டம் கொடுத்துப் பறிக்கும் பழைய வித்தை!

"ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் எல்லாம் நடந்துவிடுமா?" என்று கேட்கலாம். நடக்காது. 2019 ஏப்ரல் 17-இல் ஜெட் ஏர்வேஸ் பறப்பதையே நிறுத்தியபோது, அதன் விமானிகளுக்குப் பல மாத ஊதியம் நிலுவையில் இருந்தது. 2024 நவம்பரில் அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மாளிகையே இடிந்தால் பூட்டு என்ன செய்யும்? மெய்தான். ஆனால் மாளிகை ஒருநாள் இடியலாம் என்பதற்காகப் பூட்டே போடாமல் உறங்குகிறவர் உண்டோ?

இப்போது, கேள்வி கேட்ட இளைஞருக்கு வருகிறேன். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் என்ன செய்தது? நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் ஆள்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்ததை, முந்நூறு பேர் என்று உயர்த்திவிட்டது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் உழைக்கும் ஆலையின் கதவு இனி உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும்! நேற்று வானத்தில் நடந்தது, நாளை நம் வாசலில் நடக்கும். இலட்சம் வாங்குகிறவரையே ஒரு தாளில் ஊதித் தள்ள முடியுமானால், முந்நூறும் ஐந்நூறும் நாட்கூலி பெறுகிற நம் தங்கைக்கு அந்தத் தாள்கூட எதற்கு? "நாளை வராதே" என்ற இரு சொல் போதுமே! ஊதியம் உயரம், உரிமை பூச்சியம். அந்தப் பூச்சியம்தான், தம்பி, அவரையும் நம்மையும் உடன்பிறந்தவராக்குகிறது.

1921-இல் சென்னை பஞ்சாலைப் போராட்டத்தில் தொழிலாளர் சாதியால் பிளவுண்டு நின்றனர், போராட்டம் தோற்றது. இன்று ஊதியத்தால் நம்மைப் பிளக்கிறார்கள். "அவன் பணக்காரத் தொழிலாளி" என்று நாம் நகைத்தால், நிர்வாகம் நம்மைவிட உரக்க நகைக்கும்.

2025 டிசம்பரில் என்ன கண்டோம்? புதிய பணிநேர விதிகளுக்கு ஏற்ப விமானிகளை ஆயத்தமாக வைத்திராததால், நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தின் பயணங்கள் ஆயிரக்கணக்கில் நின்றன. விமானி எவ்வளவு இன்றியமையாதவர் என்பதை நாடே பார்த்தது. வேண்டப்படுகிறவன் கேட்கும்போதுதான் காது திறக்கும். பாதுகாப்பு விதியைக் கேட்டு எழுதி வாங்கவேண்டிய காலம் அதுவே. தேவையற்றவனாக நிற்கும்போது கேட்பது வேண்டுகோள் அல்ல, பிச்சை.

தேநீர்க் கடையிலிருந்து எழுந்தபோது அந்த இளைஞருக்கு எதிரே தெரிந்த கோட்டையைக் காட்டினேன். 1687-இல் சேதுபதி மன்னர் எழுப்பியது அது. பகைவன் பாசறை அமைத்த பிறகு எவனும் கல் சுமக்கத் தொடங்குவதில்லை. அமைதியான பகற்பொழுதிலே சுமக்கிறான். ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அப்படிச் சுமந்து வைக்கப்படும் ஒரு கல்.

"சரி அண்ணே, எங்கள் ஆலையில் எங்களுக்கு என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நாளைக்கே கேட்டுப் பார்க்கிறேன்" என்றார் அவர்.

கேளுங்கள் தோழர்களே! ஒவ்வொருவரும் கேளுங்கள். எழுதியிருந்தால் படியுங்கள், எழுதப்படவில்லையென்றால், எழுதும்வரை ஒன்றாய் நில்லுங்கள்!