சமாதானம் என்ற பெயருள்ள மாவட்டம்

ஐரோப்பாவில் வந்து குடியேறிவிட்ட நாம் பாரிசையும் பேர்லினையும் அறிந்த அளவுக்கு அதன் நாட்டுப்புறங்களை அறிந்ததில்லை. இம்முறை ஹங்கேரிக்குப் போவோம். அந்நாட்டின் தென்கிழக்கு மூலையில், ருமேனிய எல்லையோடு ஒட்டியபடி பேக்கேஷ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அம்மொழியில் பேக்கேஷ் என்றால் 'சமாதானமான' என்று பொருள். அதன் சரித்திரத்தைப் படிப்பவர்கள் இந்தப் பெயரை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று திகைப்பார்கள்.

நிலம் உள்ளங்கை போலத் தட்டை. மருந்துக்கும் ஒரு மலை கிடையாது. கிழக்கே ருமேனிய மலைகளில் பிறக்கும் வெள்ளைக் கொரொஷ், கறுப்புக் கொரொஷ், விரைவுக் கொரொஷ் என்ற மூன்று ஆறுகள் இங்கு வந்து ஒன்றாகின்றன. 19ஆம் நூற்றாண்டில் அணை கட்டி அவற்றை நேராக்கும்வரை பாதி நிலம் சதுப்பாகவே கிடந்தது. இன்று கோதுமை, சோளம், சூரியகாந்தி. சனத்தொகை மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல்.

1566இல் துருக்கியர் டியூலா நகரின் செங்கற்கோட்டையை இரண்டு மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். 1695வரை அது அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்துப் போர்களில் கிராமம் கிராமமாகச் சனம் அழிந்தது, எஞ்சியோர் ஓடினர். துருக்கியர் போனபின் மிஞ்சியது புல்லும் சேறுந்தான். படைகளுக்கு உணவு வழங்கிப் பணம் சேர்த்த ஹாருக்கர்ன் என்பவர் 1720 அளவில் இந்நிலத்தின் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரரானார். ஆளில்லாத நிலத்தில் வாரம் வராது அல்லவா? ஆகவே குடியேறிகள் வரவேற்கப்பட்டார்கள். இரக்கத்தால் அல்ல, தேவையால். குடியேறிகளை வரவேற்கும் எந்த நாட்டிலும் இந்தக் கணக்கு ஓரளவு இருக்கத்தான் செய்கிறது.

1718இல் வடக்கு மலைப்பகுதிகளிலிருந்து ஸ்லோவாக் மக்கள் வந்து பேக்கேஷ்சாபா என்ற ஊரை மீண்டும் எழுப்பினார்கள். 1722இல் சர்வாஷ், 1746இல் தோட்கொம்லோஷ். அவர்கள் லூத்தர் சபையினர். வடக்கே கத்தோலிக்க நெருக்குதலும் நிலப் பற்றாக்குறையும் இருந்தன. எலெக் கிராமத்துக்கும் டியூலாவுக்கும் ஜேர்மனியர் வந்தனர். டியூலாவில் ருமேனியரும் தமக்கென ஒரு பகுதியில் வாழ்ந்தனர். வடக்கு மலைப்பகுதியும் அப்போது அதே ஹங்கேரிய இராச்சியத்தினுள்தான் இருந்தது. ஆகையால் கடவுச்சீட்டும் நேர்முக விசாரணையுமாக வந்த எம்முடைய கதையோடு இதை அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆனால் மொழியின் கதை எமக்கு நெருக்கமானது. அந்த மக்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தமது மொழியைக் காத்தார்கள். காத்தது அரசு அல்ல. தேவாலயமும் அதன் பள்ளிக்கூடமும், 1636இல் முதலில் அச்சான திரானோவ்ஸ்கியின் ஞானப்பாட்டுப் புத்தகமும், வயல் நடுவே தனித்தனியாக நின்ற 'தன்யா' என்னும் பண்ணை வீடுகளுமே. சர்வாஷில் 1767 முதல் போதகராயிருந்த சாமுவேல் தெஷெடிக் 1780இல் அங்கு விவசாயத்தைச் செய்முறையாகப் படிப்பிக்கும் பள்ளியொன்றைத் தொடங்கினார். உவர்நிலத்தைத் திருத்தி மரங்களை வளர்த்துக் காட்டிய மனிதர் அவர். இப்படியான ஒருவர் ஒரு சமூகத்துக்குக் கிடைப்பது பெரும் பாக்கியம்.

பின்னர் காற்று மாறியது. 1907ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், நான்காம் வகுப்பை முடிக்கும் பிள்ளை ஹங்கேரிய மொழியில் தெளிவாகப் பேச எழுத வேண்டுமென்றது. சட்டம் பாதி வேலை செய்தது. உத்தியோக ஆசையும் சந்தையும் மீதியைச் செய்தன.

இரண்டாம் உலகப்போரின் முடிவில் இன்னொரு இடி. 1945 தையில் ஜேர்மனிய வம்சாவளியினர் சோவியத் நாட்டுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1946இல் எலெக் கிராமத்து ஜேர்மனியரில் பெரும்பாலானோர் ஜேர்மனிக்கு வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு ஹங்கேரியும் செக்கோசிலோவாக்கியாவும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. 1947, 48இல் ஹங்கேரியிலிருந்து சுமார் 73,000 ஸ்லோவாக்கியர் தாமாக விரும்பிப் புறப்பட்டார்கள். அவர்களில் பேக்கேஷ் மக்கள் ஏராளம். அங்கிருந்து இங்கு அனுப்பப்பட்ட ஹங்கேரியருக்கோ விருப்பம் கேட்கப்படவில்லை. வெறுமையான வீடுகளில் அவர்கள் குடியேறினார்கள். ஒரே அடுப்பில் இரண்டு குடும்பங்களின் துயரம்.

தாயகம் திரும்பியவர்களுக்கு என்ன நடந்தது? 1718இல் புறப்பட்ட தாயகம் அங்கு காத்திருக்கவில்லை. அவர்களுடைய பேச்சு பழைய பேச்சு, சமையலில் மிளகாய்த்தூள் வாசம். இங்கே 'ஸ்லோவாக்கியன்' என்று அழைக்கப்பட்டவனை அங்கே 'ஹங்கேரியன்' என்றார்கள்.

போகாமல் நின்றவர்கள் பேக்கேஷ்சாபாவில் இருக்கிறார்கள். 1824இல் கட்டி முடிந்த அவர்களின் பெரிய லூத்தர் தேவாலயம் ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடியது. மிளகாய்த்தூளும் உள்ளியும் போட்டு அவர்கள் செய்த சொசேச்சுக்கு 1997 முதல் திருவிழாவே நடக்கிறது. ஸ்லோவாக் பள்ளிக்கூடமொன்று 1949 முதல் இயங்குகிறது. அங்கு சேரும் பிள்ளைகளில் பலர் பாட்டியின் மொழியை முதல் எழுத்திலிருந்து, அந்நிய மொழிபோலப் படிக்கிறார்கள்.